நிமிடத்துக்குப் பதினாறு

மாலை நாலு இருபதுக்கு அவர் ஒரு மூச்சு விட்டார். அடுத்தது வரவில்லை.

அவள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் இருந்த அறை இருட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழல்விளக்கு வெளிச்சம், ஒரு கட்டில், ஒரு முக்காலி, சுவரோரமாகக் கால் நீட்டி உட்கார வைத்த இரண்டு ரப்பர் பொம்மைகள். அங்கிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. மாணவர்கள் உள்ளே வந்ததும் அதில் தலையைச் சரிசெய்துகொள்வார்கள், பல்லைப் பார்த்துக்கொள்வார்கள், இவள் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று. கட்டிலில் படுத்திருந்தவரின் கழுத்துவரை வெள்ளைப் போர்வை. மார்புக்கு மேல் அதில் ஒரு மடிப்பு. மாதக்கணக்கில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மடிப்பைத்தான். அது எழுந்து தணிந்தால் கையிலிருக்கும் எண்ணும் கருவியில் ஒரு தட்டு.

இப்போது கட்டைவிரல் பொத்தான்மேல் காத்திருந்தது. மடிப்பு அசையவில்லை.

முக்காலியில் இருந்த மாணவன் மணிக்கட்டை விட்டான். சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தான். தாளில் எழுதினான்.

"முடிஞ்சுது சார். தேங்க்ஸ்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு மடிப்பு மெல்ல எழுந்தது. அவளும் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

தாளை வாங்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நாடி எழுபத்திரண்டு. சுவாசம் பதினாறு.

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கன்னு வாழ்த்துவாங்கல்ல மேடம்," என்றார் பக்கத்தில் இருந்த கேமராக்காரர். "நம்ம பசங்க வர்ற நோயாளி அத்தனை பேருக்கும் அதைத்தான் எழுதிக் கொடுக்கறாங்க."

அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். மருத்துவக் கல்லூரியில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். நாடியை எண்ணுவார்கள். ரத்த அழுத்தத்தைக் கருவி சொல்லிவிடும், காய்ச்சலையும் சொல்லிவிடும். மூச்சை மட்டும் ஓர் ஆள் முழு நிமிடம் சும்மா நின்று இன்னோர் ஆளின் மார்பைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடம் யாரிடமும் இல்லை. ஆகவே பதினாறு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் கூப்பிட்டுக் கேள்வி கேட்காத எண். சீனியர் ஒருவர் எழுதுவதைப் பார்த்துப் பழகுவது, பேராசிரியராகி ஓய்வு பெறும்வரை விரலில் தங்கிவிடுகிறது.

அவளுடைய அம்மாவின் கட்டிலில் தொங்கிய அட்டையிலும் கடைசியாக எழுதியிருந்தது அந்த எண்தான். எழுதும்போதே அம்மாவின் கை விறைத்திருந்ததாம். அவள் அப்போது சிறுமி. அக்கா சொல்லித்தான் தெரியும். பிறகு அக்கா ஜெராக்ஸ் கடை வைத்து அவளை வளர்த்தாள், படிக்க வைத்தாள். அவள் டாக்டரானாள். அப்புறம் நோயாளிகளை விட்டுவிட்டு, டாக்டர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று ஆராய்கிறவளானாள். "ஊர்ல எல்லாரும் வைத்தியம் பாப்பாங்க. என் தங்கச்சி வைத்தியம் பாக்கறவங்களைப் பாப்பா" என்று அக்கா கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வாள்.

சோதனை எளிமையானது. நிமிடத்துக்கு எட்டே முறை மூச்சு விடும் ஒருவரைப் படுக்க வைப்பது. அவர் நோயாளியாக நடிப்பவர் என்று மாணவர்களுக்குத் தெரியும். மூச்சைக் குறைத்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்பது தெரியாது. எத்தனை பேர் கண்டுபிடிக்கிறார்கள்?

இதுவரை ஒருவர்கூட இல்லை.

படுத்திருந்தவருக்குத் தொழில் முங்குவது. ஆற்றிலும் ஏரியிலும் விழுந்ததை முங்கி எடுத்துக் கொடுப்பார். பொருளை எடுப்பார், சமயத்தில் ஆளையும். துறையில் எல்லோரும் அவரை மூச்சுக்காரர் என்றார்கள்.

அவள் டீயோடு உள்ளே போனபோது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, இன்னைக்கு ரொம்பக் குறைச்சிட்டீங்க? எட்டுன்னுதானே பேச்சு?"

"குறைச்சிட்டேனா?" என்று சிரித்தார். "நான் எண்றதில்ல மேடம். எண்றது உங்க வேலை."

"மயக்கம் கியக்கம் வருதா?"

"நல்லாத் தூக்கம் வருது. உங்க பையன் ஒருத்தன் என் கையைப் புடிச்சுக்கிட்டே அவனும் தூங்கிட்டான், பாத்தீங்களா?"

அன்றைக்கு அவள் எண்ணியது ஐந்து. அடுத்த முறை மூன்று. பழகிய நுரையீரல் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கடுத்த முறை, மாணவர்கள் மாறும் இடைவேளைகளில் மட்டும், மறந்துபோய் நினைவு வந்ததுபோல, ஒன்று.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். அதே கட்டடத்தின் மேல்மாடியில், பெண்கள் வார்டில் சேர்த்தாள். சின்ன ஆபரேஷன். வயிற்றில் நான்கு துளை, மூன்றே நாளில் வீடு.

"இனிமே எனக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சுன்னு நீ சொல்லவே முடியாதுடி. பையையே எடுக்கப் போறாங்க."

"பேசாம படுக்கா."

"கல்லை மறக்காமக் கேட்டு வாங்கிட்டு வா குட்டி. கடையில பேப்பர் பறக்குது. மேல வைக்கலாம்."

பக்கத்துக் கட்டில்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவின் கட்டில் காலருகே அட்டை தொங்கியது. அவள் வேண்டுமென்றே அதைப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா கண் விழித்து, தண்ணீர் கேட்டு, மறுபடி தூங்கினாள். பிற்பகல் அவள் கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

மழைக்கு முந்தைய புழுக்கம். குளிர்சாதனத்தையும் மீறி இருட்டறையில் வேர்த்தது. தாழ்வாரத்தில் காத்திருப்பவர்களின் செருப்புச் சத்தமும் அடக்கிய சிரிப்பும் கதவுக்கு அடியில் கசிந்து வந்தன. அந்தப் பக்கம் வெளிச்சத்தில் போர்வை அவ்வளவு வெள்ளையாக இருந்ததால் பார்க்கப் பார்க்க அதன் மடிப்பு மிதப்பதுபோல ஆகி, அவள் கண்ணை மூடித் திறந்ததும் பழைய இடத்திலேயே கிடந்தது. முதலில் ஒரு மாணவி வந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள், எழுதினாள், கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டு போனாள். எண்ணும் கருவியில் பூஜ்யம். அடுத்தவன் வந்தான். பூஜ்யம். அதற்கடுத்தவன். இடைவேளை. அவள் கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிக்கொண்டாள். மடிப்பு அசையவில்லை. அடுத்தவள். அடுத்தவன்.

வரிசை முடிந்தது. ஒரு முறைகூட இல்லை.

ஒவ்வொரு தாளிலும் பதினாறு.

பிறகு அவர் எழுந்தார். போர்வையை மடித்தார், ஓரம் ஓரமாகச் சேர்த்து, நிதானமாக. அவளால் உள்ளே போக முடியவில்லை. டீயைக் கேமராக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டு அவர் பின்னால் வாசலில் நின்றாள். மூச்சுக்காரர் கிளாஸை முகத்தருகே கொண்டு போனார். சூடான டீ. ஆவி நேராக மேலே போனது. உதட்டுக்கும் மூக்குக்கும் முன்னால், ஒரு நூல்போல, வளையாமல், கலையாமல்.

"மேடம் ஏன் அங்கயே நிக்கறீங்க?" என்றார்.

அன்று மாலையே படத்தை ஓட்டிக் காட்டினாள். கேமராக்காரர் விரலை ஆட்டி ஆட்டி எண்ணினார். "பதினாறு மேடம். சொல்லி வச்ச மாதிரி."

"எங்க அசையுது? காட்டுங்க."

"இந்தா. இந்தா. இதோ." விரல் திரையில் அசையாத மடிப்பைத் தொட்டுத் தொட்டு எடுத்தது.

துறைத்தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கால் நிமிடம் பார்த்தார். "நாலு. நாநாலு பதினாறு. உனக்கு என்னம்மா சந்தேகம்?"

"சார், அவர் மூச்சே விடல."

அவர் அவளைப் பார்த்தார். கோபமில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "அக்காவுக்கு ஆபரேஷன், ராத்திரித் தூக்கமில்ல. நாளைக்குக் கடைசி பேட்ச். அதை முடிச்சிட்டு ஒரு வாரம் லீவு போடு."

மறுநாள் மூச்சுக்காரர் முன்னதாகவே வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உதட்டின் நிறம் மாறியிருந்தது. அறையில் ஈர வாடை, ஆற்றின் அடிச்சேற்றைக் கிளறியதுபோல. அவள் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இதோட நிறுத்திக்கலாம். பேசின பணம் முழுசா வந்துரும். இன்னைக்குப் படுக்க வேண்டாம்."

"நிறுத்தணும்னுதான் நானும் நினைக்கிறேன் மேடம்." குரலில் காற்றே இல்லை. உதடுதான் அசைந்தது, சொற்கள் உலர்ந்து உதிர்ந்தன. "ஆனா எப்படி ஆரம்பிக்கறதுன்னு மறந்து போச்சு."

"எதை?"

"மூச்சு விடறதை." சங்கடத்தோடு புன்னகைத்தார், சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவரைப்போல. "அவங்கதான் எழுதிடறாங்கல்ல. அதுவே போதுமா இருக்கு. உடம்பு சொகுசு கண்டுருச்சு."

தாழ்வாரத்தில் மணி அடித்தது. மாணவர்கள் வந்துவிட்டார்கள். அவர் தானாகவே படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அவள் இருட்டறைக்குப் போனாள். போயிருக்கக் கூடாது. ஆனால் அந்த அறையில் இன்னும் ஒரு நொடி நிற்க அவளால் முடியவில்லை.

கடைசியாக வந்த மாணவியை வகுப்பில் கடிகாரம் என்று கூப்பிடுவார்கள். எல்லோரும் போனில் மணி பார்க்கும்போது அவள் மட்டும் மெலிந்த மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரத்தைக் கட்டியிருந்தாள், நொடிமுள் ஓடுவது. முக்காலியை இழுத்துப் போட்டாள். குனிந்து, கண்ணைப் போர்வையின் மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். கடிகாரத்தைப் போர்வைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

ஒரு முழு நிமிடம்.

இத்தனை மாதங்களாக அவள் காத்திருந்தது இப்படி ஒருத்திக்காகத்தான். அந்த நினைப்பில் ஒரு கணம் பயம்கூட மறந்தது.

கடிகாரம் இன்னொரு நிமிடம் எண்ணினாள். பிறகு கையைப் போர்வைமேல் வைத்தாள். அழுத்தினாள். முகம் மாறியது. திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள், தன்னை அல்ல, அதற்குப் பின்னால் இருப்பவரைத் தேடுகிறவளாக.

"மேடம்?"

சோதனை நடக்கும்போது பதில் சொல்லக் கூடாது. அது விதி. அவளே எழுதிய விதி. சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

கடிகாரம் தாளை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். ஒரு சின்ன வட்டம். பேனாவை எடுத்தாள்.

மூச்சுக்காரரின் தாடை திறந்துகொண்டது. கை கட்டிலின் ஓரத்திலிருந்து நழுவித் தொங்கியது. ஆடவில்லை.

வாடை கண்ணாடியைத் தாண்டி வந்தது.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் துணியை விலக்கிக் குனிந்தார். உடனே நிமிர்ந்தார். முகமூடியை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

"எங்கேர்ந்து மேடம் கொண்டு வந்தீங்க?"

"கீழேர்ந்துதான். பயிற்சிக் கூடத்துலேர்ந்து. இப்பதான், கொஞ்ச நேரம் முன்னாடி."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இது இன்னைக்குப் போன உயிர் இல்ல மேடம்."

வெளியே பெஞ்சில் கடிகாரம் உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. "நான் எண்ணத்தான் மேடம் செஞ்சேன். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, முழு நிமிஷம் எண்ணணும்னு."

"உன் தப்பு ஒண்ணுமில்லம்மா."

சொல்லும்போதே அவளுக்கு மேல்மாடி ஞாபகம் வந்தது.

லிஃப்ட் வரவில்லை. படியேறினாள். வார்டில் மாலை நேரத்து அமைதி. பார்வையாளர் நேரம் முடிந்து, விளக்கு இன்னும் போடாத நேரம். ஜன்னல் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் கட்டில்களின் மேல் விழுந்து, ஒவ்வொரு போர்வையையும் அதற்குள் யாருமில்லாததுபோலத் தட்டையாக்கியிருந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. மருந்து வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே தூரப் போனது. அக்கா மல்லாந்து தூங்கினாள். விரலில் கவ்வியிருந்த கருவி தொண்ணூற்றெட்டு காட்டியது. எல்லாம் சரியாக இருக்கிறது என்கிற எண்.

அவள் அக்காவின் மார்பைப் பார்த்தாள்.

நிமிடத்துக்கு மூன்று.

அட்டையை எடுத்தாள். பதினாறு. பதினாறு. பதினாறு. உருண்டையான மாணவக் கையெழுத்து.

கத்தினாளா என்று தெரியவில்லை. பணி டாக்டர் ஓடி வந்தார். அவள் விரலை நீட்டிக் காட்டினாள். அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார், கருவியைப் பார்த்தார்.

"நல்லாத் தூங்கறாங்க மேடம். எண்ணணுமா? எண்ணிட்டாப் போச்சு." நின்றார். மணி பார்த்தார். "பதினாறு."

அட்டையில் எழுதினார். அவர் பேனா அந்த எண்ணை முடிக்கும்போது அக்காவின் வெளிறிய உதட்டில் நிறம் ஏறியதை அவள் பார்த்தாள். கன்னத்திலும். காய்ந்த துணியில் தண்ணீர் பரவுவதுபோல.

டாக்டர் போனார். அவள் எண்ணினாள்.

ஒன்று.

மறுபடி எண்ணினாள். இல்லை.

காத்திருந்தாள்.

இல்லை.

அக்காவின் முகத்தில் நிறம் அப்படியே இருந்தது. தூக்கத்தில் மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

அப்போதுதான் வார்டின் அந்தக் கோடியில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. நடை. நிற்பது. நீண்ட மௌனம். மறுபடி நடை. எட்டிப் பார்த்தாள். கடிகாரம், வெள்ளைக் கோட்டில், அழுது வீங்கிய கண்களோடு. அவளுக்கு இந்த மாதம் இந்த வார்டில்தான் பயிற்சி. ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் குனிந்தாள். கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தாள். எண்ணினாள். எழுதினாள். அடுத்த கட்டில்.

அவளுக்குப் பின்னால், ஏற்கெனவே முடித்த ஒரு கட்டிலைச் சுற்றி நர்ஸ் அவசரமாகத் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். திரைக்குள் யாரோ அழத் தொடங்கினார்கள். கடிகாரம் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

அடுத்த கட்டில். மௌனம்.

அடுத்தது.

பக்கத்துக் கட்டில்காரி. அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள். கடிகாரம் எண்ணினாள், நிமிர்ந்தாள், புன்னகைக்க முயன்றாள். "பதினெட்டு. நல்லா இருக்கீங்கம்மா."

பிறகு இங்கே வந்தாள்.

"மேடம்... நீங்களா? இவங்க உங்க அக்காவா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கீழ நடந்ததுக்கு அப்புறம் சும்மா இருக்க முடியல. இனிமே யாருக்கும் எண்ணாம எழுத மாட்டேன் மேடம். ஒவ்வொருத்தரையும் முழு நிமிஷம்..."

அவள் கட்டிலுக்கும் மாணவிக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நான் எண்ணிட்டேன்."

"பரவால்ல மேடம், ஒரு நிமிஷம்தான்."

"எண்ணிட்டேன்னு சொல்றேன்ல."

கடிகாரம் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். கடிகாரம் கட்டிய கை பாதி உயர்ந்தது.

அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். மறு கையால் மாணவியின் பையிலிருந்து பேனாவை உருவினாள். அட்டையைச் சுவரில் வைத்து எழுதினாள். தன் கையெழுத்தில்.

"பதினாறு," என்றாள்.

"முழு நிமிஷமா மேடம்?"

"முழு நிமிஷம்."

மாணவி அவளைப் பார்த்தபடி நின்றாள். கண்ணில் நீர் தளும்பியது. எதையோ புரிந்துகொண்ட முகமா, எதையோ இழந்த முகமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பச் சரி மேடம்."

செருப்புச் சத்தம் அடுத்த கட்டிலுக்குப் போனது. நின்றது. மௌனம்.

மூன்றாம் நாள் அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். "ரொம்ப நல்லாத் தேறிட்டாங்க" என்றார் பெரிய டாக்டர். கல்லைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா அதைக் குலுக்கிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

வீட்டில் எழுத யாரும் இல்லை. அவள்தான் எழுதினாள். மணிக்கொரு முறை. முதலில் வெள்ளைத் தாளில், பிறகு பால் கவர்மேல், காலண்டரின் ஓரத்தில், உள்ளங்கையில். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. எழுதாமல் இருந்து பார்க்கத் தைரியம் இல்லை. கண் அசந்து திடுக்கிட்டு எழுந்தால் முதலில் பேனாவைத் தேடினாள். துறையிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. அக்காவைப் பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, தூங்குகிறாள் என்று அனுப்பினாள். வந்தவர்களின் கையில் கடிகாரம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

அக்கா தூங்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டாள், கொஞ்சமாக. பேசினாள், அதையும்விடக் கொஞ்சமாக. ஒவ்வொரு நாளும் குரல் ஒரு படி கீழே இறங்கியது. நகங்கள் நீலமாயின. பவுடர் நிறையப் போட்டுக்கொண்டாள். ஜன்னலைச் சாத்தியே வைக்கச் சொன்னாள், ஈ வருகிறது என்றாள்.

ஒரு சாயங்காலம். கரண்ட் போயிருந்தது. மின்விசிறி நின்றதும் வீட்டின் மற்றச் சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குளிர்பெட்டி சொடுக்கு விட்டது. மாடி வீட்டில் நாற்காலி இழுபட்டது. தெருவில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. அதற்கப்புறம் அந்த அறையில் ஒருவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

ஒருவர்.

அவளுடையது.

அவள் அதை அடக்கப் பார்த்தாள். அடக்க அடக்கப் பெரிதாகக் கேட்டது.

"குட்டி," என்றாள் அக்கா இருட்டிலிருந்து. "இங்க வா."

போனாள்.

"உக்காரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

உட்கார்ந்தாள். அக்கா அவள் கையைத் தேடிப் பிடித்தாள். குளிர். எப்போதும் பேப்பர் வெட்டிக் காய்த்த விரல். கடைக்கு வருகிறவர்களின் குழந்தைகளைத் தட்டிக்கொடுக்கும் விரல். அந்தக் கை இவள் கையைத் தூக்கித் தன் மார்பின்மேல் வைத்துக்கொண்டது. புடவைக்குக் கீழே எலும்பு. எலும்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மேசைமேல் கை வைத்ததுபோல இருந்தது.

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதுலேர்ந்து ஒரு மாதிரியாவே இருக்குடி. மூச்சு விட்டுப் பாக்கறேன். வர மாட்டேங்குது. பயமா இருந்துச்சு. டாக்டருங்க எல்லாம் நல்லா இருக்குன்னாங்க, அதனால யார்கிட்டயும் சொல்லல."

அவள் கையை இழுத்தாள். அக்கா விடவில்லை.

"நீ மணிக்கு ஒருதரம் என்னமோ எழுதறதைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்னைப் பாக்காமலேயே எழுதற."

"அக்கா, விடு. விளக்கு ஏத்திட்டு வர்றேன்."

"வேண்டாம். இருட்டுலயே எண்ணலாம்."

கண் இருட்டுக்குப் பழகிவிட்டது. அக்காவின் முகம் தெரிந்தது. பவுடர் திட்டுத் திட்டாகப் பெயர்ந்திருந்த முகம். அதில் இரண்டு கண்கள், இமைக்காமல், அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா போன பிறகு ஒவ்வொரு இரவும் தூங்கும்வரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்கள். அவற்றில் ஒன்றின்மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. போகவில்லை.

"இதுக்குத்தானே உன்னைப் படிக்க வச்சேன். யார் சொன்னாலும் நம்ப மாட்டேன், நீ சொன்னா நம்புவேன். நல்லா கையை வச்சு, முழு நிமிஷம் எண்ணு. எனக்காகப் பொய் சொல்லாத."

நேரம் போனது.

"சொல்லுடி. எத்தனை?"